ஊதக்காற்று அடித்த வாரம்

தமிழ்நாட்டுக்குக் குளிர்காலமே கிடையாது என்று சொல்பவர்கள் மார்கழியில் ஒரு முறை தேன்கனிக்கோட்டைக்கு வந்து பார்க்க வேண்டும். மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், கர்நாடகத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில்தான் ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை எல்லாம் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். தளிப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேடு. கிருஷ்ணகிரி நகரமோ 500 மீட்டர் சுமாரில் கீழே கிடக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. கிருஷ்ணகிரியில் வேட்டி சட்டையோடு பஸ் ஏறுகிறவர், ராயக்கோட்டை தாண்டி எங்கள் ஊரில் வந்து இறங்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக்கொள்வார்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 12, 13 டிகிரிக்கு இறங்குவது இங்கே சாதாரணம். பெங்களூரும் நாங்களும் ஒரே பீடபூமிதான், அதன் தெற்கு விளிம்பில் இருக்கிறோம். அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13 அன்று. வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் பிடித்துப்போனது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் இருக்கிறது. தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பட்டம் கொடுத்தார்கள். சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதையே எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்குக் குளிர் ஒரு சுகம். இங்கேயே பிழைக்கிறவருக்கு அது அன்றாட வேலைக்குள் வந்து உட்காருகிற ஒன்று. ஒருவருக்குக் கொடுக்கும், அடுத்தவரிடமிருந்து பிடுங்கும். போன மார்கழியில் அப்படி ஒரு வாரம் வந்தது. எந்தச் செய்தியிலும் அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வானம் மூடிக்கொண்டது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கடலோர மாவட்டங்களில் கனமழை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம். அந்த மழையில் எங்களுக்குப் பெரும்பாலும் கடைசித் தூறல்தான் மிஞ்சும். எப்போதும் அப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு வலுவிழந்து உள்ளே நகர்ந்து வந்து, எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிவிட்டுப் போனது. இந்தத் தடவை அப்படி இல்லை. வெறும் பொசபொசவென்று தூறல். ஆனால் காற்று முழுசாக வந்தது. வடகிழக்கிலிருந்து, ஈரத்தோடு, இராப்பகலாக. இதைத்தான் எங்கள் பக்கம் ஊதக்காத்து என்பார்கள்.

குளிரில் இரண்டு வகை உண்டு. வானம் தெளிவாக இருக்கும்போது வருவது இராத்திரிக் குளிர். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இராத்திரியில் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். தடுக்க மேகம் இல்லாததால் விடியும் நேரத்துக்குப் பல் அடித்துக்கொள்ளும். ஆனால் எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். கிழக்குப் பார்த்த சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். மேகம் மூடிய குளிர் வேறு மாதிரி. இராத்திரியில் பெரிதாக இறங்காது, மேகம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 16, 17 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் பகலில் 20-ஐ எட்டவே மல்லுக்கட்டும்.

எண்களை மட்டும் பார்த்தால் இரண்டாவது வகை லேசான குளிர். உடம்புக்கு அதுதான் கடினம். ஓய்வே கொடுக்காது. துவைத்துப் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. விறகு ஈரமாகி, அடுப்படி முழுக்கப் புகை. சிமென்ட் தரையில் கால் வைக்க முடியாது. வயசானவர்கள் காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. ஷீட் போட்ட வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். தெளிந்த இரவில் அந்தத் தகடு வெளிக்காற்றைவிட வேகமாகச் சூட்டை இழந்துவிடும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்று அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து, விடியற்காலையில் போர்வை மேல் சொட்டும். மண்சுவரும் நாட்டு ஓடும் இருந்த காலத்தில் இந்தச் சொட்டல் கிடையாது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ஷீட் போட்டவர்கள் யாரும் ஆசைப்பட்டுப் போடவில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, குரங்கு வேறு ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடுகிறது, கான்கிரீட்டுக்குக் கையில் காசு இல்லை.

என் அக்கா வீடு கெலமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. கொஞ்சம் மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்திலேயே பட்டுப்புழு வளர்ப்பு மனை. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் இது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். கையில் மாசாமாசம் காசு பார்க்க வைக்கும் தொழிலும்கூட. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புழுக்கள் நாலாவது தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்திருந்தன. புழு வளர்க்கும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்காத நாட்கள் அவை. புழு தன் வாழ்நாளில் தின்கிற தழையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்னும். மனைக்குள் நின்றால் தழையை அரிக்கும் சத்தம் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் போனபோது அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வேண்டும். இளம்புழுவுக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூட. அதற்குக் கீழே போனால் உடனே செத்துவிடாது, மந்தமாகிவிடும். தழை போட்டால் ஏறி வராது. தின்பது குறையக் குறைய நாள் நீளும். ஏழெட்டு நாளில் முடிய வேண்டியது பத்து நாள் இழுக்கும். கூலி கூடும், தழை அதிகமாக வேண்டும், புழு கட்டும் பட்டுக்கூட்டின் கனம் குறைந்து போகும். இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஒரு பூசண நோய் வரும். புழு செத்து, விறைத்து, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும் அந்த வெள்ளை மாவு முழுக்கப் பூசணத்தின் வித்து. ஒரு அடுக்கில் வந்ததைக் கவனிக்காமல் விட்டால் மனை முழுக்கப் பரவும்.

"ஏன்டா வாசல்லயே நிக்கற, கதவச் சாத்திட்டு உள்ள வா" என்றாள் அக்கா. அவள் கையில் பழைய வேட்டித் துணி. அறுத்து வந்த மல்பெரிக் குச்சிகள் முழுக்கத் தூறல் ஈரம். ஈரத் தழையை அப்படியே போட்டால் நோயை நாமே கூப்பிட்ட மாதிரி. மாமாவும் அவளும் அதைத் தாழ்வாரத்தில் பரப்பி, ஃபேனைப் போட்டு, புரட்டிப் புரட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். படுக்கை உலரட்டும் என்று புழுக்கள் மேல் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார்கள். ஒரு மூலையில் ஹீட்டர், இன்னொரு மூலையில் இரும்புச் சட்டியில் கரி. ஹீட்டரை நாள் முழுக்க ஓட்டினால் வருகிற கரண்ட் பில்லை நினைத்து மாமா பெருமூச்சு விட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர், நாலு மணிக்கு ஒருவர் என்று எழுந்து சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பதற்கு முறை வைத்திருந்தார்கள்.

கரிச்சட்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் புழு மனையில் மட்டும் இல்லை, படுக்கும் அறையிலும் அதை வைத்துக்கொள்கிறார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்லை, வாசம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அறையில் கரி வைத்துத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றிய செய்தி நாட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குளிர்காலந்தோறும் வருகிறது. கரியை வெளியில் மூட்டி, நன்றாகத் தணலான பிறகு உள்ளே கொண்டுவந்தாலும் இந்த வாயு நிற்பதில்லை. புகை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் உயிரை எடுக்கிறது. அக்கா மனையின் மேல் ஜன்னல் இரண்டையும் திறந்தே வைத்திருந்தாள். சூடு எல்லாம் வெளியே போகுதே என்று மாமா சொன்னதற்கு, "புழுவும் மூச்சு விடணும், நானும் மூச்சு விடணும்" என்றாள். தயவுசெய்து யாரும் படுக்கையறையில் கரிச்சட்டி வைக்காதீர்கள். குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

புதன்கிழமை சாயங்காலம் மேகம் கலைந்தது. காற்று நின்றது. இராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம். பார்க்க அழகுதான், ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், விடியும்போது என்ன வரும் என்று. மூன்று நாள் தூறலில் நனைந்த தரை, தெளிந்த வானம், காற்றே இல்லாத இரவு. இந்த மூன்றும் சேர்ந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதில் இருக்கும் ஈரம் மூடுபனியாகும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஏரிக்கரையிலும் ஓடைப் பக்கத்து வயல்களிலும் பனி அடர்ந்திருக்கும். மேட்டுத் தெருவில் நிற்பவருக்குத் தெரு தெரியும், பள்ளத்தில் நிற்பவருக்குத் தன் கையே தெரியாது.

பெரியப்பாவின் நிலம் நொகனூர் காட்டை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது.

மானாவாரி ராகி. ஆடியில் விதைத்து, நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போட்டிருந்தார். கார்த்திகைக் கடைசியில் கதிர் முற்றி, மார்கழி பிறந்ததும் அறுப்பு. அறுத்து வயலிலேயே போட்டிருந்தபோதுதான் அந்தத் தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்த ராகியைப் போர் போட முடியாது, உள்ளே சூடேறிப் புழுங்கிவிடும். பரப்பியும் வைக்க முடியாது, ஈரத்தில் கதிரிலேயே முளை கட்டும், தாளும் கறுத்து மாடு தின்னாமல் போகும். வெயில் வரும்வரை வயலிலேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடந்தால் இன்னொருவர் வந்துவிடுவார்.

வருஷாவருஷம் ராகி முற்றும் பருவத்தில் பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக எங்கள் காடுகளுக்கு வருகின்றன. நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று காடு விட்டுக் காடு மாறும். இந்த வனப்பகுதிகளில் பெரும்பரப்பைச் சேர்த்துத்தான் 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள். யானைக்கும் இந்தக் காட்டுப் பாதை பாட்டன் பூட்டன் காலத்து வழி. பெரியப்பா யானையைத் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் ஆறு மாத உழைப்பை ஒரே இராத்திரியில் விட்டுக்கொடுக்கவும் அவரால் முடியாது. ஆகவே மார்கழி முழுக்க இராத்திரிகளில் அவர் வேலை பரண் மேல்தான்.

புதன் இராத்திரி நானும் அவரோடு போனேன். புளியமரக் கிளையில் கட்டிய பரண். கீழே துவரை மிளாறு போட்டு மூட்டிய தீ. அவர் மேலே போட்டிருந்தது குரும்பர்கள் கையால் நெய்த கறுப்புக் கம்பளி. அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, இன்னும் கிழியவில்லை. ஆட்டு மயிரில் இருக்கும் எண்ணெய்ப்பசையால் பனி அதற்குள் இறங்காமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். நான் போர்த்தியிருந்த மில் போர்வை இரண்டு மணிக்கெல்லாம் நனைந்து கனத்துவிட்டது. இப்போது அந்தக் கம்பளி நெய்கிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். நூற்க ஆள் இல்லை, மேய்க்க நிலம் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. இந்த ஊர்க் குளிருக்கென்றே இந்த ஊர் ஆட்டிலிருந்து செய்த துணி அது.

மூன்று மணிக்கு மேல் பனி ஏறியது. முதலில் ஓடை மறைந்தது, பிறகு பக்கத்து நிலம், பிறகு எங்கள் தீயைத் தவிர எல்லாமே. டார்ச் அடித்தால் வெளிச்சம் பத்தடிகூடப் போகாமல் வெள்ளையாகத் திரும்பி வந்து கண்ணைக் கூசியது. "டார்ச்ச அணை. இப்ப கண்ணு உதவாது, காதுதான்" என்றார் பெரியப்பா. "கிளை முறியற சத்தம் கேட்டா தூரத்துல இருக்குன்னு அர்த்தம். பக்கத்துல வந்துட்டா சத்தமே வராது." அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை. தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள், வேறெங்கோ ஒரு பட்டாசு வெடித்தது. காவலுக்கு இருக்கும் ஒவ்வொரு பரணிலும் என்னைவிட வயசான ஒருவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூரியன் உதிக்க ஆறு நாற்பது ஆகும். அதுவரைக்கும் இந்தக் குளிரில், எதையும் பார்க்க முடியாமல், அசையாமல் உட்கார்ந்திருப்பது என்ன வேலை என்று பரண் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு எங்கள் நிலத்துக்கு யானை வரவில்லை.

காட்டோர ஊர்களில் யானை தாக்கி ஆள் சாவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னும் பின்னும்தான். பால் கறக்கப் போகிறவர், வெளிக்குப் போகிறவர், முதல் பஸ் பிடிக்கப் போகிறவர். பனி இறங்கும் மாதங்களில் இந்த நேரம் இன்னும் நீளுகிறது. தெருவிளக்கும், வீட்டோடு கழிப்பறையும், காலைப் பேருந்தின் நேரத்தை அரை மணி தள்ளி வைப்பதும் எங்கள் பக்கம் உயிர் காக்கும் காரியங்கள். யானைக்கு அகழி வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது இவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, குளிர் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பளிச்சென்று வெயில் அடித்தது. சந்தைக்கு அவரைக்காய் குவியல் குவியலாக வந்தது. இந்த நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் இரகம். அதனால் மார்கழி, தை மாதங்களில் மட்டும்தான் ஊர் முழுக்க அதன் வாசம் அடிக்கும். தோலில் ஊறும் எண்ணெய்ப்பசையில்தான் அந்த வாசம் இருக்கிறது. கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது. பனி விழ விழத்தான் அவரைக்கு வாசம் ஏறும் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சந்தையில் காயை வாங்குகிறவர்கள் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள், விலை அப்புறம்தான்.

கொட்டையை உரித்து, இராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுப்பது பிதுக்கம்பருப்பு. பொறுமை வேண்டிய வேலை. வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து செய்வது. சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டுக் குழம்பு வைத்து, ஆவி பறக்கும் ராகிக் களியோடு சாப்பிட்டால் குளிர் எங்கே போனது என்று தெரியாது. களிக்கு எங்கள் அம்மா முதலில் நொய்யை வேகவைத்து, அதன் மேல் மாவைக் கூம்பாகக் கொட்டி, கிளறாமல் கொஞ்ச நேரம் விடுவார். மாவு நடுவில் வெந்த பிறகுதான் துடுப்பைப் போட்டு இரண்டு கையாலும் கிண்டுவார். அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால் கட்டி தட்டிவிடும். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். எனக்கு அதில் நிறையச் சந்தோஷம். களி தின்று வளர்ந்த ஊர்களில் பிள்ளைகள் ராகியை மறந்துபோகும் நிலை வந்திருந்தது. கொள்ளுச் சாறும் இந்தக் குளிருக்குத்தான். மிளகு தட்டிப் போட்டால் மூக்கடைப்பு விட்டுப்போகும்.

ரோஜாத் தோட்டக்காரர்களுக்கு இந்த வாரம் கலந்து வந்தது. பிப்ரவரி 14-க்குப் பூ அனுப்ப வேண்டியவர்கள் மார்கழியில்தான் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள். குளிர் இருந்தால் மொட்டு மெதுவாகத் தேறும், பூ பெரிசாகும், நிறம் அழுத்தமாக ஏறும். குளிர் அளவுக்கு மிஞ்சினால் நாள் தள்ளிப்போய்ச் சந்தைத் தேதியைத் தவறவிடும். பசுமைக்குடிலுக்குள் ஈரம் தேங்கினால் இலையில் பூசணம் வேறு. மலை இறங்கினால் காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் குளிர் இன்னும் வேண்டும் என்று காத்திருந்தார்கள். மா பூப்பதற்கு இரவுக் குளிர் தேவை. மார்கழியில் நன்றாகக் குளிர்ந்தால் தையில் மரம் முழுக்கப் பூவாக நிற்கும். ஆனால் பூத்த பிறகு மூடுபனி இறங்கினால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பிடித்துக்கொள்ளும். என் அக்கா எப்போது குளிர் விடும் என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே இரவில், அவள் நாத்தனார் குடும்பம் காவேரிப்பட்டணத்தில் இன்னும் பத்து நாள் இப்படியே அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. இரண்டு வேண்டுதலும் நியாயமானவை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ச் சாலையோரங்களில் பெண்பிள்ளைகள் நிற்பார்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள். துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பனிக்குள் வரும் கம்பெனி பஸ்ஸின் விளக்கைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். நிழற்குடை இருந்தாலும் மூன்று பக்கமும் திறந்தது. அவர்களுக்கு முன்பே தெருக்கூட்டும் பணியாளர்கள் வந்திருப்பார்கள். ஈரக் குப்பையை வெறுங்கையால் அள்ளுகிற கைகளில் வெடிப்பு விழுந்து இரத்தம் கசிவதை நான் பார்த்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் பெரியவர்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கீழே போட்டிருப்பார்கள். வீடற்றவர்களுக்கான தங்குமிடம் ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்கள் அந்தக் கணக்கில் வரவே வராது. அஞ்செட்டிப் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலும், வடநாட்டுத் தொழிலாளர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கும் ஷெட்டுகளிலும் என்ன குளிர் என்று அளந்து பார்க்கிறவர் யாரும் இல்லை.

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கி, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது குறைந்திருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் குளிர் அலை என்று சொல்லும். வடநாட்டுக்கு ஏற்ற அளவு அது. அங்கே குளிர் வருகிறது என்று தெரியும், அதனால் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இருக்கும், பள்ளிக்கு லீவு உண்டு, தெருமுனையில் நகராட்சி விறகு போட்டுத் தீ மூட்டுகிறது. எங்கள் குளிர் அந்தக் கோட்டை எட்டுவதில்லை. மூடிய வானத்தோடு நாலு நாள் நடுங்க வைக்கும் வாரத்துக்கு எந்த வரையறையிலும் இடம் இல்லை. குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும், மாரடைப்பும் பக்கவாதமும் கூடும். இழுப்பு உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வாரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் வயசானவர்கள் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். வயசாகிவிட்டது, போய்விட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குளிரின் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. மழைக்குக் கணக்கு இருக்கிறது, வெயிலுக்கு எச்சரிக்கை இருக்கிறது. இந்த மேட்டு நிலத்துக் குளிருக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன். மாணவர் விடுதிகளில் காலையில் வெந்நீர், பணியாளர்களுக்குக் கையுறையும் ஸ்வெட்டரும், பஸ் நிலையத்தில் காற்றுப் புகாத ஒரு அறை. ஒரு பேரூராட்சியால் முடிகிற செலவுதான் இது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த வாரம் முடிந்தபோது முன்பனிக் காலத்தில் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை. அக்காவின் புழுக்கள் இரண்டு நாள் பிந்திப் பழுத்து, கூடு கட்டத் தயாராயின. மேல் அடுக்கு ஒன்றில் வெள்ளைப் பூசணம் தெரிந்ததும் அந்த அடுக்கை அப்படியே எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிட்டார்கள். மிச்சம் கூடு கட்டியது, வழக்கத்தைவிடக் கனம் குறைவு. பொங்கலுக்கு அப்புறம் எடுக்கும் அடுத்த வளர்ப்புக்கு முன்னால் மனையின் வடக்குச் சுவரில் தெர்மாகோல் அடிக்கப் போவதாக மாமா சொன்னார். பெரியப்பா சனிக்கிழமை வரை ராகியைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, ஞாயிறன்று போர் போட்டார். முளை கட்டிய கதிர்களைத் தனியாகப் பிரித்து மாட்டுக்கு வைத்தார். மீதியில் சாப்பாட்டுக்கு ஆகும். விதைக்கு ஆகாது, நனைந்த கதிரிலிருந்து அவர் விதை எடுக்கவே மாட்டார். அடுத்த ஆடிக்கு வேண்டிய விதை ராகிக்குத் தளியில் இருக்கும் சம்பந்தி வீட்டில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.